பி பக்கத்தின் கடைசியில்

என் அலமாரியில் ஒரு பிரிட்டிஷ் ப்ளூஸ்-ராக் குழுவின் ஆல்பங்கள் எல்லாமே இருந்தன. எல்பி ரெக்கார்டாகச் சில, கேசட்டாகச் சில, எண்பதுகளின் கடைசியில் சிடியாகப் பல. ஒரே ஆல்பம் மூன்று வடிவத்திலும் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் தலையைச் சாய்த்து அந்தப் பெயர்களைப் படித்துவிட்டு, டாக்டரம்மா இப்படிப்பட்ட ரசிகையா என்று என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

உண்மை என்னவென்றால், அந்தக் குழுவின் பாட்டு ஒன்றைக்கூட நான் விரும்பிக் கேட்டதில்லை. அந்தப் பாடகர் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்ட ஆள்தான் என் நினைவுக்கு வருவார். கிதார்காரர் வாசிக்கத் தொடங்கினால், எப்படி நிறுத்துவது என்று தெரியாத விருந்தாளி மாதிரி. ஆனாலும் ஒரு கேசட்டை மட்டும் தேயத் தேயக் கேட்டேன். அதற்குக் காரணம் பாட்டு இல்லை.

எங்கள் நிச்சயம் எண்பதுகளின் தொடக்கத்தில், சென்னையில் மாப்பிள்ளை வீட்டு மாடியில் நடந்தது. நான் பாளையங்கோட்டைக்காரி. மருத்துவப் படிப்பு முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருந்தேன். அவர் இன்ஜினியர். மேல்படிப்புக்கு அமெரிக்க விசா கையில் வந்திருந்தது. பையன் விமானம் ஏறுவதற்குள் நிச்சயம், அடுத்த வருடம் அவன் லீவில் வரும்போது கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அங்கே போய் எவளையாவது கட்டிக்கொண்டு நிற்பான் என்ற பயம். அந்த நாளில் எல்லா வீட்டிலும் இருந்த பயம்தான். பாஸ்டர் ஜெபம் செய்தார், மோதிரமும் வேதாகமமும் மாற்றிக்கொண்டோம், பிரியாணி சாப்பிட்டோம். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

கிளம்பும்போது மாடிப்படி திருப்பத்தில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, அவர் என் கையில் ஒரு கேசட்டைத் திணித்தார்.

"இங்கிலீஷ் பாட்டு. உங்களுக்குப் பிடிக்கும்னு நெனைக்கிறேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கேசட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அந்தக் காலத்தில் மவுண்ட் ரோடு பக்கம் ரெக்கார்டிங் கடைகள் இருந்தன. நாம் கேசட்டைக் கொடுத்தால், அவர்களிடம் இருக்கும் எல்பியிலிருந்து பதிந்து தருவார்கள். இவருடைய நண்பன் ஒருவன், மெடிக்கல் காலேஜில் படித்த பெண்ணுக்குப் போய் சர்ச் பாமாலைக் கேசட் கொடுத்து மானத்தை வாங்காதே என்று சொல்லி, இந்த ஆல்பத்தின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறான். சரி, அதற்கு ஒரு புதுக் கேசட் வாங்கினால் என்ன? வாங்க மாட்டோமே! எங்கள் ஆட்கள் அப்படி. வீட்டில் கிடந்த பழைய கேசட்டின் விளிம்பிலிருந்த ஓட்டைகளில் செல்லோடேப்பை ஒட்டினால் அதிலேயே மறுபடி பதியலாம். அதைத்தான் கடைக்காரரிடம் நீட்டியிருக்கிறார். வருங்கால மனைவிக்குக் கொடுக்கிற முதல் பரிசு! இதை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு பெண் ஆயுசு முழுக்கச் சண்டை போடலாம்.

ஊருக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். அந்தக் கூச்சலுக்கு என் தம்பி கதவைத் தட்டி, "அக்கா, ரேடியோ ரிப்பேரா?" என்றான். கட்டிக்கொள்ளப்போகிறவர் கொடுத்தது, முழுதாகக் கேட்காமல் விடுவது மரியாதையில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏ பக்கம் முடிந்ததும் மிச்ச டேப்பில் வெறும் உஸ் என்ற சத்தம். பி பக்கத்தில் பாதியிலேயே தூங்கிவிட்டேன்.

காக்கை கரைந்ததில் விழிப்பு வந்தது. ஜன்னலைப் பார்த்தேன், வெளியே காக்கை இல்லை. காக்கை டேப்புக்குள் இருந்தது.

பாட்டு எப்போதோ முடிந்து, அதற்கு அடியில் இருந்த பழைய பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டின் மத்தியானச் சத்தம். காக்கை, தெருவில் ஒரு சைக்கிள் மணி, எங்கோ பாத்திரம் வைக்கும் ஓசை. பிறகு ஒரு தொண்டைச் செருமல். பிறகு அவர் குரல்.

"குட் மார்னிங் சார்."

கொஞ்சம் இடைவெளி. மறுபடி, இன்னும் கொஞ்சம் கனமாக, "குட் மார்னிங், சார்."

விசா இன்டர்வியூவுக்குத் தன்னந்தனியாக ஒத்திகை பார்த்திருக்கிறார். எதிரில் ஆள் இல்லாமலே கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகிறார். படிப்பு, பல்கலைக்கழகம், அப்பாவின் வேலை. எல்லாம் மனப்பாடம், எல்லாவற்றிலும் நடுக்கம். கடைசியில் ஒரு இடத்தில் குரல் அப்படியே இறங்கிவிடுகிறது.

"ஐ வில் கம் பேக், சார். ஐ வில் டெஃபினட்லி கம் பேக். மை மதர் இஸ் ஹியர், சார்."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்கிறது. நிச்சயத்தன்று என் தாடையைப் பிடித்துக் கொஞ்சிய அதே குரல், என் வருங்கால மாமியார்.

"யாருகிட்டடா பேசிக்கிட்டு இருக்க?"

"யாருமில்லம்மா. நீ போ."

குக்கர் விசில் அடிக்கிறது. டேப் டக்கென்று நின்றுவிட்டது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளை என்று சபையில் பட்டு வேட்டியோடு உட்காரவைத்துக் காட்டிய ஆளை எனக்குத் தெரியாது. இந்த ஆளைத் தெரிந்துவிட்டது. பயந்தவர், பயத்தை யாரிடமும் சொல்லாதவர், பொய் சொல்லத் தெரியாதவர். அந்த ஒரு வருடம் முழுக்க அவர் அமெரிக்காவில் இருந்தார், நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தேன். தினமும் அந்த டேப்பின் கடைசியைச் சுற்றி எடுத்துக் கேட்பேன். கண்டிப்பாகத் திரும்பி வருவேன் என்று விசா ஆபீசரிடம் சொன்னதை நான் எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். சொன்ன மாதிரியே வந்தார். அவரை எனக்குப் பிடித்துப்போனது அவர் கொடுத்த பாட்டால் இல்லை, பாட்டு மூடாமல் விட்ட இடத்தால்.

கல்யாணமான புதிதில், "நீங்க தந்த டேப் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அந்த பேண்டா? நெஜமாவா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல? நீங்கள் பயந்து நடுங்கியது எனக்குப் பிடித்தது என்று எந்தப் பெண்டாட்டி எந்தப் புருஷனிடம் சொல்லுவாள்? அந்தத் தலையாட்டலில் பிடித்தது சனி.

அவருக்குப் படிப்பு முடிந்து டெக்ஸஸில் வேலை கிடைத்தது, ஆஸ்டின் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. எனக்குப் பரீட்சையெல்லாம் எழுதி ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி கிடைத்ததோ நியூ ஜெர்சியில். அந்த நாளில் வெளிநாட்டில் படித்த டாக்டருக்கு இடம் கிடைப்பதே பெரிய பாடு, ஊரைத் தேர்ந்தெடுக்கிற ராஜபோகம் எல்லாம் கிடையாது. கொஞ்ச காலம்தானே என்று அவர் டெக்ஸஸிலும் நான் நியூ ஜெர்சியிலும் குடும்பம் நடத்தினோம்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பழைய செங்கல் கட்டடத்தில் எனக்கு ஒற்றை அறை. குளிர்காலத்தில் ஹீட்டர் குழாய்கள் உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது மாதிரி சத்தம் போடும். முதல் வாரம் பயந்தேன். பிறகு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் வெறுமையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க இங்கிலீஷில் பேசிவிட்டு வந்து, ஒரு தமிழ் வார்த்தை பேச ஆளில்லாமல், ஃபிரிட்ஜைத் திறந்து "தயிர் எங்க போச்சு?" என்று அதனிடமே கேட்பேன். மாதம் ஒருமுறை தமிழ் ஆராதனை நடக்கும், யார் வீட்டு பேஸ்மென்டிலாவது. அங்கே ஒரு நாகர்கோவில் ஆன்ட்டி தவறாமல் என்னைப் பிடித்துக்கொள்வார். "ரெண்டு பேரும் ரெண்டு ஸ்டேட்ல இருந்தா அதுக்குப் பேரு குடும்பமா மோளே?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்குப் பேர் ரெசிடென்சி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுக் காருக்குள் போய் அழுவேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம். அவர் குரல் மாறிவிட்டிருந்தது. ஆபீஸில் மீட்டிங் பேசிப் பேசி அழுத்தம் திருத்தமான குரல். நான் பகலில் கூப்பிட்டால் அவருடைய ஆன்சரிங் மெஷின்தான் பேசும். நிதானமான அமெரிக்க இங்கிலீஷில், செய்தியை விட்டுச் செல்லவும் என்று சொல்லும். அந்தக் குரலுக்கு யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்காமல் விசா கொடுப்பார்கள். எனக்குத்தான் அதோடு பேச ஒன்றும் இருக்காது. போனை வைத்துவிட்டுக் கேசட்டை எடுப்பேன். ஒரே மனிதரின் இரண்டு குரல்கள், இரண்டும் மெஷினில். எனக்கு மெஷின் இல்லாமல் வேண்டியிருந்தது.

இதற்கிடையில் பார்சல்கள் வரத் தொடங்கின.

அந்தக் குழுவின் நல்ல காலம் முடிந்து வருடங்கள் ஆகியிருந்தன. புதுப் பாட்டு எதுவும் எடுபடவில்லை. அதனால் கம்பெனி பழைய ஆல்பங்களையே தூசி தட்டித் திரும்பத் திரும்ப விற்றது. அட்டையின் நிறத்தைக் கொஞ்சம் மாற்றி ஒரு தடவை. சத்தத்தையெல்லாம் டிஜிட்டல் முறையில் சுத்தம் செய்துவிட்டோம் என்று ஸ்டிக்கர் ஒட்டி ஒரு தடவை. அந்த நாளில் வேண்டாம் என்று தள்ளி வைத்த பாட்டுகளைக் கடைசியில் சேர்த்து, கூடுதல் பாட்டு என்று இன்னொரு தடவை. பழைய கள், புதிய மொந்தை. வந்த ஒவ்வொன்றையும் என் கணவர் வாங்கி எனக்கு அனுப்பினார். பிறந்தநாளுக்கு, கல்யாண நாளுக்கு, கிறிஸ்துமஸுக்கு. பெண்டாட்டிக்குப் பிடித்தது ஒன்று தனக்குத் தெரியும் என்ற பெருமை அவருக்கு. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. "தேங்க்ஸ், ரொம்ப நல்லாயிருந்தது" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அடுத்த பார்சல் வந்தது.

பாட்டைக் கேட்கவில்லையே தவிர, உள்ளே இருக்கும் குட்டிப் புத்தகங்களைப் படித்தேன். தனியாகச் சாப்பிடும்போது படிக்க ஏதாவது வேண்டுமே. டிரம்மருக்கும் கிதார்காரருக்கும் ஏன் பேச்சுவார்த்தை இல்லை, பாடகர் எந்த வருடம் குடியை விட்டார், பாஸ் கிதார்காரர் ஏன் ஆட்டுப்பண்ணை வைக்கப் போனார் என்று எல்லாம் எனக்கு அத்துபடி. ஒரே அறையில் வளர்ந்த பையன்கள், பேர் வந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். அட்டைப்படத்தில் மட்டும் இன்னும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போது மட்டும் அவர்கள் மேல் எனக்கு ஒரு பாசம் வரும். எங்கள் கல்யாண போட்டோவும் அதே அலமாரியில்தான் இருந்தது.

ஒரு அக்டோபரில் லீவு போட்டு டெக்ஸஸ் போனேன். ஏர்போர்ட்டிலேயே, "உனக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றார். மறுநாள் காரில் வெகுதூரம் கூட்டிப்போனார். ஊருக்கு வெளியே ஒரு சந்தைத் திடல், மாடுகளும் பன்றிகளும் காட்சிக்கு வைத்திருக்கும் மாதிரி ஒரு திருவிழா. அதன் ஓரத்தில் ஒரு மேடை. அந்தக் குழுதான். பழைய ஆட்களில் பாடகர் மட்டும்தான் மிச்சம். கூட இருந்தவர்களெல்லாம் அவர் பையன் வயது. நட்டநடு மத்தியானம், தலையைப் பிளக்கும் வெயில். கூட்டத்தில் பாதிப் பேர் சோளப்பொரி வாங்கப் போய்விட்டார்கள். தொப்பை பிதுங்கும் இறுக்கமான பேன்ட்டில் அவர் அந்தப் பழைய உச்சத்துக்குத் தாவினார், எட்டவில்லை. கூட்டத்தைப் பாடச் சொல்லி மைக்கை நீட்டினார். யாரும் பாடவில்லை.

என் கணவர் என்னைப் பார்த்துப் பார்த்துப் புன்னகை செய்தார். நானும் தலையை ஆட்டித் தாளம் போட்டேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியபோதுதான் பார்த்தேன். காதில் பஞ்சு வைத்திருந்தார்.

அந்தப் பஞ்சைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்கும் இந்தப் பாட்டு பிடிக்காது. எனக்காக அவரும் அவருக்காக நானும் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறோம். கல்யாணமாகி இத்தனை நாளில் இவர் என்னை எதுவும் கேட்கவில்லை, நான் இவரிடம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் தோள் உரச நின்றிருந்தார், அப்போதுபோல் நான் தனியாக இருந்ததில்லை.

திரும்பி வரும் வழியில் கேட்டார், "நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப" என்றேன்.

என் ரெசிடென்சி முடியும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் ஆஸ்பத்திரியிலேயே வேலை தருவதாகச் சொன்னார்கள். ஈஸ்டருக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒன்று இங்கே, அல்லது டெக்ஸஸுக்குப் போய் அங்கே புதிதாக லைசென்ஸ் வாங்கி முதலிலிருந்து. போனில் அவரிடம் கேட்டபோது அந்த ஆபீஸ் குரல் சொன்னது: "உன் கேரியர், நீதான் டிசைட் பண்ணணும். நான் ப்ரெஷர் பண்ண மாட்டேன்." வா என்று ஒரு சொல் சொன்னால் போதும், பெட்டியைக் கட்டியிருப்பேன். அதை அவர் சொல்லவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. அவ்வளவு வீம்பு எனக்கு. இங்கேயே இருந்துவிடுவது என்று மனதுக்குள் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரியில் என் மாமியார் இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. என் கணவருடைய கிரீன் கார்டு கேஸ் நடந்துகொண்டிருந்தது. இப்போது நாட்டை விட்டுப் போனால் எல்லாம் போய்விடும், திரும்ப உள்ளே வர முடியாது என்று லாயர் சொல்லிவிட்டார். அவர் போகவில்லை. நான் டெக்ஸஸ் போய்க் கொஞ்ச நாள் இருந்தேன். அவர் அழவில்லை. ஆபீஸுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். "ஐ ஆம் ஓகே" என்றார், கேட்டவர்களிடமெல்லாம். கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தார். என் லீவு முடிந்து நான் திரும்பிவிட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், பேச்சு முடிகிற இடத்தில், வழக்கமாகச் சரி வைக்கிறேன் என்று சொல்லும் இடத்தில், அவர் போனை வைக்கவில்லை. பிறகு சொன்னார்.

"அம்மா குரல் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாக்கறேன். முகம் வருது. குரல் வரமாட்டேங்குது."

அந்தக் குரல் என் மேஜை டிராயரில், செல்லோடேப் ஒட்டிய கேசட்டில் இருந்தது.

உடனே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அம்மாவின் குரலுக்கு முன்னால் அதே டேப்பில் இன்னொன்றும் இருக்கிறதே. கண்டிப்பாகத் திரும்பி வருவேன், என் அம்மா இங்கே இருக்கிறாள் என்று இவரே சொன்னது. சவ அடக்கத்துக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் அதைப் போட்டுக் காட்டுவதா? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதா? டாக்டர் என்று பெயர், எந்த மருந்து ஆளைக் கொல்லும் எது காப்பாற்றும் என்று இந்த ஒரு நோயாளி விஷயத்தில் எனக்குத் தெரியவில்லை. இன்னொரு பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். டேப்பில் நடுங்கும் அவர் குரல்தான் என் கல்யாணம். அதைக் கேட்டுவிட்டு அவர் அதே ஆபீஸ் குரலில் "இன்ட்ரஸ்டிங்" என்று சொல்லிவிட்டால், எனக்கு அப்புறம் டெக்ஸஸில் யாரும் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் டிக்கெட் போட்டேன். கேசட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏர்போர்ட்டில் எக்ஸ்ரே மெஷினுக்குள் போட்டால் அழிந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பாதுகாப்பு அதிகாரியிடம் கையில் வாங்கிப் பார்க்கச் சொல்லி மன்றாடினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் மேல் எழுதியிருந்த குழுவின் பெயரைப் படித்துவிட்டு, "அவ்வளவு நல்ல பேண்ட் இல்லையே மேடம்" என்றார். ஒத்துக்கொண்டேன்.

அவர் ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தார். மெலிந்திருந்தார். வழியில் மளிகைக் கடை வாசலில் காரை நிறுத்தி, "வீட்ல பால் இல்ல, வாங்கிட்டு வந்துடறேன்" என்று கதவைத் திறந்தார்.

"இருங்க, போகாதீங்க" என்றேன். "உங்க வீட்ல இப்ப சிடி மட்டும்தானே இருக்கு? இதைக் கார்லதான் போட முடியும்."

கேசட்டைப் பார்த்ததும் அவருக்குப் பாவம், பழக்க தோஷத்தில் முகத்தில் அந்தப் புன்னகை வந்துவிட்டது. "இதையா இன்னும் வெச்சிருக்க? இதோட சிடி அனுப்பிச்சேனே, கிளியரா இருக்குமே."

"அதுல இல்லாதது ஒண்ணு இதுல இருக்கு. பாட்டு இல்ல. பாட்டு முடிஞ்ச பிறகு" என்றேன். பிறகு, எப்படி ஆரம்பிப்பது என்று விமானத்தில் வழியெல்லாம் யோசித்ததை மறந்துவிட்டு, "அத்தை இருக்காங்க" என்று உளறினேன்.

அவருக்குப் புரியவில்லை. ஆனால் கதவை மூடிவிட்டார்.

கடைசிப் பாட்டின் கடைசிப் பகுதியிலிருந்து ஓடியது. பாடகர் விரலை மாட்டிக்கொண்டு கத்தி முடித்தார். டக்கென்று ஒரு சத்தம். காக்கை கரைந்தது. நான் தேயத் தேயக் கேட்டதால் அந்த இடத்தில் டேப் கொஞ்சம் நெளிந்துபோயிருந்தது, காக்கை தண்ணீருக்குள் கரைவது மாதிரி இருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். தன் குரல் வந்ததும் முகம் சுருங்கியது, யாரோ ஊரார் பேசுவதைக் கேட்பது மாதிரி. "குட் மார்னிங் சார்" இரண்டாவது தடவை வந்தபோது அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஐ வில் டெஃபினட்லி கம் பேக். மை மதர் இஸ் ஹியர், சார்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. மாமியாரின் குரல் வந்தது, பதில் வந்தது, குக்கர் விசில் வந்தது. டேப் நின்றுவிட்டது. கார் ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அழுதார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். பிப்ரவரியிலிருந்து சேர்த்து வைத்தது எல்லாம். கடைக்கு வந்தவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறபோது திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "எவ்ளோ நாளா இத கேக்கற?"

"நிச்சயம் முடிஞ்ச அன்னையிலேருந்து."

"அப்ப அந்த பேண்டு?"

"எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது."

"எனக்கும்" என்றார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரிப்பு நடுவிலேயே அவருக்கு மறுபடி அழுகையாகிவிட்டது. "நீ நியூ ஜெர்சில இருந்து எதுக்கு வர்றேன்னு எனக்குத் தெரியல. அங்கியே இருக்கப்போறேன்னு சொல்லத்தான் வர்றேன்னு நெனச்சேன்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. எனக்குத் தெரிந்த குரல். மெஷின் இல்லாமல், என் பக்கத்து சீட்டில். "இருந்துடாத. எனக்கு இங்க பயமா இருக்கு. வந்துடு."

பிறகு ரீவைண்ட் பட்டனை அழுத்தினார். மறுபடி காக்கை, மறுபடி குட் மார்னிங் சார். இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை.

"யாருகிட்டடா பேசிக்கிட்டு இருக்க?" என்றார் மாமியார்.

அடுத்த வார்த்தை வருவதற்குள் அவர் எஜெக்ட்டை அழுத்தினார். கேசட் பாதி வெளியே வந்து நின்றது. அந்தச் செல்லோடேப்பைப் பார்த்துக்கொண்டே, அடுக்களையில் இருக்கும் ஆளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்:

"என் பொண்டாட்டிகிட்டம்மா."